தேடலில் முதல் பெயர் ஏன் மெல்ல இறங்குகிறது

மனிதரும் விலங்கும் பறவையும் ஒரே மொழியில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், யாருக்கு எது வேண்டுமென்றாலும் முதலில் போய்க் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. மேற்கு மலைகளுக்கு நடுவில் ஒரு கணவாய். அந்தக் கணவாயில் தனியாக நின்றது ஒரு கரும்பாறை. பாறையின் உச்சியில் ஓர் இருவாச்சிப் பறவை உட்கார்ந்திருந்தது. மஞ்சள் அலகு, அலகின் மேல் கொம்பு போன்ற கொண்டை, அதன் மேல் எப்போதும் வெயில். அந்தப் பறவை இறங்கி வந்ததை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் அதை அம்மை என்று அழைத்தார்கள்.

உப்பு எங்கே கிடைக்கும், பால் வற்றிய மாட்டுக்கு எந்தத் தழை நல்லது, ஆற்றைக் கடக்க ஆழமில்லாத துறை எது, எதைக் கேட்டாலும் அம்மைக்குத் தெரியும். கேட்ட மூச்சு அடங்குவதற்குள் பதில் வந்துவிடும். ஒன்றல்ல, பத்துப் பெயர். முதலில் இங்கே போ, இல்லையென்றால் அங்கே, அதுவும் இல்லையென்றால் இன்னோர் இடம் என்று வரிசையாகப் பத்து.

அம்மைக்குச் செய்தி கொண்டுவந்தவை உழவாரன் குருவிகள். காலை ஊன்றி நிற்கத் தெரியாத, பிறந்ததிலிருந்து பறந்துகொண்டே இருக்கும் சிறு பறவைகள். அவை நான்கு திசையிலும் அலைந்து, எங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து, அந்தந்த இடத்திலிருந்து ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு வரும். பாறையின் முகம் முழுவதும் விரல் அகலப் படிக்கட்டுகள் வெட்டப்பட்டிருந்தன. ஒரு கேள்விக்கு ஒரு படிக்கட்டு, ஒரு படிக்கட்டுக்குப் பத்துப் படி. அடிவாரத்தில் நின்று பார்த்தால் பாறை முழுவதும் தேனடை போலத் தெரியும். உலகத்தில் கேட்கக்கூடிய கேள்வி அத்தனைக்கும் அங்கே ஒரு படிக்கட்டு இருந்தது. அதைப் பார்த்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

எந்த இடத்தின் கல் மேல்படியில் இருக்கிறதோ, அதன் பெயரை அம்மை முதலில் சொல்லும். ஒருமுறை வைத்த கல்லை அம்மை நகர்த்தியதில்லை. அதைப் பிழை என்று சொல்ல முடியாது. உலகம் அப்போது புதிது. ஊற்று வற்றும், ஓடை திசை மாறும், நல்ல இடம் கெட்டுப்போகும் என்பதை யாரும் கண்டிருக்கவில்லை.

கேட்க வருபவர்களுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. முதல் பெயர் காதில் விழுந்ததும் ஓடிவிடுவார்கள். சிலர் மூன்றாவது பெயர்வரை நிற்பார்கள். பத்தாவது பெயரைக் கேட்டவர் எவரையும் அம்மை கண்டதில்லை. ஆனாலும் அது பத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வாயை மூடும். ஆள் போன பிறகும், வெறும் காற்றுக்குச் சொல்லும்.

அந்தக் காலத்தில் ‘நஞ்சை முறிக்கும் செடி எங்கே?’ என்ற கேள்விக்கு முதல் பெயர் மருதியின் தோட்டம்.

மருதி ஒற்றை ஆளாக வாழ்ந்தவள். கணவாயிலிருந்து தெற்கே ஏறினால் இரண்டு மலைத்திருப்பம் தாண்டி அவளுடைய சரிவு வரும். பாம்புக்கடிக்கும் தேள்கடிக்கும் கொடுக்கும் செடியைக் காட்டில் தேடி எடுத்து, ஓர் ஓடையின் கரையில் பாத்தி கட்டி வளர்த்த முதல் ஆள் அவள்தான். ஆரம்பத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து ஒவ்வொரு செடியாகப் பார்ப்பாள். இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று தேடுவாள். நடக்க முடியாமல் வருபவர்களுக்காகப் பாதையில் முள் அகற்றி வைத்திருந்தாள். கடிபட்டு வந்த நரி பிழைத்தது, யானைக்கன்று பிழைத்தது, மனிதர் பலர் பிழைத்தார்கள். உழவாரன் ஒன்று அதைப் பார்த்துக் கல்லை எடுத்துப் போனது. அந்தப் படிக்கட்டில் அப்போது வேறு கல்லே இல்லை. மருதியின் கல் மேல்படியில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு கூட்டம் வரத் தொடங்கியது. கடிபட்டவர்கள் மட்டும் வரவில்லை, பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். முதல் பெயருக்குரிய இடம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகவே மலை ஏறினார்கள். வருபவர்களை நிற்கவைத்துப் பேசவேண்டியிருந்தது. அவர்கள் வந்து நிற்பதற்கு ஒரு பந்தல் வேண்டியிருந்தது. பந்தலுக்கு ஒரு வளைவு, வளைவுக்குப் பூச்சரம். அம்மை எப்படி அவளுடைய பெயரை முதலில் சொல்லத் தொடங்கியது என்ற கதையை ஒரு நாளில் பலமுறை சொல்லவேண்டியிருந்தது. மருதி அதை நன்றாகவே சொன்னாள். செடியைப் பார்க்க நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள். மறுநாளும் கூட்டம் வந்தது.

ஒரு மழைக்காலத்தில் மேலே எங்கோ மண் சரிந்து, ஓடை மலையின் மறுபக்கமாகத் திரும்பிவிட்டது. பாத்தி மெல்லக் காய்ந்தது. கோடைக்கால வறட்சிதான், மழை வந்தால் சரியாகிவிடும் என்று மருதி எண்ணிக்கொண்டாள். செடிக்காக வந்தவர்கள் வளைவுக்குள் நுழைந்தார்கள், பாத்தியைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் அடுத்த கூட்டம் நின்றது. ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. ஒருவரும் பாறைக்குப் போய் அம்மையிடமும் சொல்லவில்லை. தேடியது கிடைக்காதவன் வேறு இடத்தைத் தேடுவானே தவிர, வந்த வழியே போய் அங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டான்.

அப்படிச் சொல்லாமல் போனவர்களில் ஒருவன் சாத்தன்.

சாத்தனும் அவன் மனைவி அல்லியும் கணவாய்க்குக் கிழக்கே ஆற்றங்கரையில் குடியிருந்தார்கள். நாணல் வெட்டிப் பாய் முடைவார்கள். ஒரு வருடத்துக்கு முன் சாத்தனின் காலில் நண்டுத்தெறுக்கால் என்னும் சிறுதேள் கொட்டியது. பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, வலிதான். மருதியின் தோட்டம்வரை நொண்டிப் போனான். செடிகள் நுனி கருகி நிற்பதைப் பார்த்தான். சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். மருதி யாரோ பத்துப் பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நமக்கெதற்கு என்று திரும்பிவிட்டான். வலி இரண்டு நாளில் தானாகப் போய்விட்டது. அதை அல்லியிடம்கூட அவன் சொல்லவில்லை.

ஒரு நாள் நண்பகலில் நாணல் புதரில் அல்லியைக் கண்ணாடி விரியன் கடித்தது. அவள் அதை மிதித்துவிட்டாள். விரியன் ஓடி ஒளியவில்லை. புதரிலிருந்து தலையை நீட்டி, தெரியாமல் கடித்துவிட்டதாகவும், முதுகில் மிதி விழுந்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டதாகவும் சொன்னது. பிறகு சாத்தனைப் பார்த்துச் சொன்னது:

“என் நஞ்சு வெயில் மறையும்வரை பொறுக்கும். அதற்குமேல் என் சொல்லையும் அது கேட்காது. நிற்காமல் போ.”

சாத்தன் அல்லியை முதுகில் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடினான். அம்மையைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டான். “மருதியின் தோட்டம்” என்று மேலிருந்து குரல் வந்தது. அவன் அடுத்த சொல்லுக்கு நிற்கவில்லை. தெற்கே திரும்பி ஏறத் தொடங்கினான். பின்னால் அம்மையின் குரல் மற்ற ஒன்பது பெயர்களையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் திருப்பம்வரை அது கேட்டது. அவனுக்குத் தன் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது.

தோட்டத்து வளைவில் புதிய பூச்சரம் தொங்கியது. சாத்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாத்திக்குப் போனான். ஒரு வருடத்துக்கு முன் நுனி கருகி நின்ற செடிகள் இருந்த இடத்தில் வெடித்த மண் மட்டும் இருந்தது. அவன் மருதியிடம் போய், செடி எங்கே, இங்கே செடி இல்லையே என்றான். மருதி அவன் முதுகில் இருந்தவளைக் கவனிக்கவில்லை. சிரித்தபடி கையை வீசிப் பந்தலைக் காட்டினாள்.

“இல்லாமலா அண்ணே இத்தனை பேர் வருகிறார்கள்?”

அப்போது அல்லியின் கால் அவள் கண்ணில் பட்டது. அது முழங்கால்வரை வீங்கிக் கறுத்திருந்தது. மருதியின் முகம் மாறியது. அவள் பாத்திக்கு ஓடி மண்டியிட்டு வெறும் கையால் தோண்டினாள். மண் பாறையாக இறுகிக் கிடந்தது. நகம் பிளந்து ரத்தம் வந்தும் அவள் நிறுத்தவில்லை. கடைசியில் காய்ந்த வேர் ஒன்று அகப்பட்டது. அதை அரைத்துக் காலில் பூசினாள். இது போதும், இது கேட்கும் என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்த நேரத்தில் சாத்தன் அல்லியைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டான். வேரில் உயிர் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

வழியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டான். நஞ்சு முறிக்கும் செடி வேறெங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் முதல் பெயர் மட்டுமே தெரிந்திருந்தது. அல்லிதான் முதுகில் சாய்ந்தபடி மெதுவாகப் பேசினாள்.

“ஒன்பதாவதாக அழுங்கின் ஓடை என்று ஏதோ காதில் விழுந்தது. பாறைக்குப் பின்னால் என்று சொன்னதுபோல் இருந்தது. நீங்கள்தான் ஓடிக்கொண்டே இருந்தீர்கள்.”

அது உண்மைதான். பாறைக்குப் பின்புறம், அவர்கள் மத்தியானம் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பள்ளம் இருந்தது. உடல் முழுவதும் செதில் மூடிய ஓர் அழுங்கு அங்கே வாழ்ந்தது. யாராவது உரக்கப் பேசினாலே சுருண்டு பந்தாகிவிடும் கூச்ச சுபாவம். மூன்று மழைக்காலமாக அது தன் நகத்தால் கால்வாய் கீறி, ஒவ்வொரு வேருக்கும் நீர் விட்டு, அந்தச் செடியை வளர்த்துவந்தது. உழவாரன் கல் எடுத்துப் போயிருந்தது. ஆனால் அதற்குள் எட்டுப் படி நிறைந்துவிட்டதால் ஒன்பதாவது படிதான் கிடைத்தது. அதைத் தேடி ஒருவரும் வந்ததில்லை.

சாத்தன் அந்தப் பள்ளத்தில் இறங்கியபோது மலை முகட்டில் வெயிலின் கடைசிக் கோடு இருந்தது. அழுங்கு சுருண்டுகொள்ளவில்லை. காலைப் பார்த்த உடனே ஓடிப்போய் இலை பறித்தது, கல்லில் வைத்து நசுக்கியது. பச்சை மணம் பள்ளம் முழுவதும் பரவியது. சாத்தன் அல்லியை மடியில் கிடத்திக்கொண்டான். முகட்டில் அந்தக் கோடு மறைவதற்கும் இலைச்சாறு அவள் காலில் விழுவதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்தான். அந்த மூச்சை அல்லி விடவில்லை.

அழுங்கு இலையை விடாமல் பூசிக்கொண்டே இருந்தது. உயிர் போய்விட்டது என்று சாத்தன்தான் அதன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

மறுநாள் விடியும் நேரத்தில் அவன் பாறைக்கு முன்னால் நின்றான். அந்த நேரத்தில் அதுவரை யாரும் அங்கே நின்றதில்லை. கிழக்கு வெளுத்தபோது வானத்தின் நான்கு மூலையிலிருந்தும் கறுப்புப் புகைபோல ஏதோ கிளம்பி வந்தது. அருகில் வந்த பிறகுதான் அவை உழவாரன்கள் என்று தெரிந்தது. கடலைப் பார்த்த குருவி, பாலையைப் பார்த்த குருவி, பனி உறைந்த முகட்டைத் தொட்டுவிட்டு வந்த குருவி என்று எண்ணற்றவை. அவற்றின் இறகுச் சத்தம் பெருமழை இறங்குவதுபோல் இருந்தது. ஒவ்வொன்றும் பாறையைச் சுற்றி ஒருமுறை வளைந்து, பறந்தபடியே ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு விலகியது. அத்தனை சொல்லும் ஒரே நேரத்தில் விழ, அம்மை கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் கேட்டது. கற்கள் படிகளில் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்த ஓசை பாறையின் உள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. உலகம் முழுவதும் தன் தலைக்குமேல் சுழல்வதாகச் சாத்தனுக்குத் தோன்றியது. அவன் எதற்காக வந்தான் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. பிறகு தன் தோளில் இன்னும் ஒட்டியிருந்த இலைச்சாற்றின் மணம் அவனுக்கு வந்தது.

“அம்மை,” என்றான். “நேற்று நான் வந்து கேட்டேன்.”

“கேட்டாய். பத்துப் பெயர் சொன்னேன்.”

“முதல் பெயரைக் கேட்டுப் போனேன். அங்கே இல்லை.”

மழைச்சத்தம் சட்டென்று அடங்கியது. நிற்கத் தெரியாத குருவிகள் காற்றில் அப்படியே தொங்கின. உலகம் தோன்றியதிலிருந்து அந்தப் பாறைக்கு எத்தனையோ பேர் வந்து ‘எங்கே?’ என்று கேட்டிருந்தார்கள். திரும்பி வந்து ‘அங்கே இல்லை’ என்று சொன்னவன் இவன்தான். அந்தச் சொல்லை அம்மை முதல்முறையாகக் கேட்டது.

அம்மை ஒரு குருவியை அனுப்பியது. அது தெற்கே போய், கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பி வந்து, காய்ந்த மண் என்று சொன்னது. அப்போது யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. அம்மை எழுந்தது. இறகை விரித்தபோது கணவாய் முழுவதும் நிழல் விழுந்தது. அது உச்சியிலிருந்து இறங்கி, நஞ்சு முறிக்கும் செடிக்கான படிக்கட்டின் முன்னால் வந்து அமர்ந்தது. மேல்படியில் இருந்த மருதியின் கல்லை அலகால் கவ்வியது. பாறையின் பக்கவாட்டில் அடி தெரியாத பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது. அதில் விழுந்த எதுவும் மறுபடி நினைவுக்கு வராது. எந்தக் குருவியும் அதன்பின் அந்த இடத்தின்மேல் பறக்காது. எந்த வாயும் அதன் பெயரைச் சொல்லாது. அம்மை கழுத்தை அந்தப் பக்கம் நீட்டியது.

சாத்தன் இரண்டு கையாலும் அந்த அலகைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் காலத்தில் அம்மையைத் தொட்டவர் இல்லை. தொட்டால் என்ன ஆகும் என்பதுகூட யாருக்கும் தெரியாது. அலகு உலையில் இருந்து எடுத்த இரும்புபோல் சுட்டது. அவன் கையை எடுக்கவில்லை. கீழே பார்க்காமல் அவன் பேசினான்.

“எறியாதே அம்மை. போன வருடம் நானே அங்கே போனேன். செடி கருகுவதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கென்ன என்று வந்துவிட்டேன். என்னைப்போல் எத்தனை பேர் வந்தார்களோ தெரியாது. அந்தக் கல்லோடு சேர்த்து எங்களையும் அல்லவா நீ எறியவேண்டும்?”

அம்மையின் கண் அவனையே பார்த்தது. அவன் தொடர்ந்து சொன்னான். நேற்றுச் செடி இல்லை என்று அவளிடம் சொன்னபோது அவள் கூட்டத்தைக் காட்டினாள் என்றான். அந்தக் கூட்டம் நிற்கும்வரை எந்தச் சொல்லும் அவள் காதில் ஏறாது என்றான். ஆனால் அல்லியின் காலைப் பார்த்ததும் அவள் நகம் பிளக்கத் தோண்டியதையும் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அவளுக்குக் கை மறக்கவில்லை, கூட்டம்தான் கண்ணை மறைத்துவிட்டது என்றான்.

“ஒரே படி இறக்கு. பிறகும் அப்படியே கிடந்தால் இன்னொரு படி. வாசலில் காலடிச் சத்தம் குறைவது அவளுக்குக் கேட்கட்டும். கேட்டு எழுந்திருக்க அவளுக்கு நேரம் இருக்கட்டும்.”

அம்மை கழுத்தைத் திருப்பியது. கல்லைப் படியில் வைத்துவிட்டு ஒன்று கேட்டது.

“அது மெல்ல இறங்கும் நாட்களில், முதுகில் ஒருத்தியைச் சுமந்துகொண்டு இன்னொருவன் வந்தால்?”

சாத்தனின் கண்ணில் நீர் இறங்கியது. பாறைக்குக் கீழே, ஆட்கள் வரும் பாதையைப் பார்த்தபடி நின்றான். பிறகு, தான் அங்கேயே இருப்பதாகச் சொன்னான். அந்தக் கேள்வியோடு யார் வந்தாலும் பிடித்து நிறுத்தி, அடுத்த பெயரையும் கேட்டுவிட்டுப் போகச் சொல்வதாகவும், அவசரமாக வருபவனை அழுங்கின் ஓடைக்குத் தானே தூக்கிக்கொண்டு போவதாகவும் சொன்னான். கல் இறங்குகிற ஒவ்வொரு நாளும் தன்னுடைய நாள் என்றான்.

அம்மை கல்லை மறுபடி கவ்வியது. மேல்படியிலிருந்து அடுத்த படியில் வைத்தது. கூழாங்கல் பாறையில் பட்ட அந்தச் சிறு சத்தம், தொங்கிக்கொண்டிருந்த அத்தனை குருவிகளுக்கும் கேட்டது. உலகத்தில் ஒரு முதல் பெயர் முதல்முறையாக இரண்டாவது ஆனது அப்போதுதான்.

பிறகு அம்மை குருவிகளுக்கு ஒரு கட்டளை இட்டது. இனி ஓர் இடத்தை ஒருமுறை பார்த்தால் போதாது, தினமும் பார்க்கவேண்டும். இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, அங்கே போனவர்களின் காலையும் பார்க்கவேண்டும். போனவர் தங்குகிறாரா, அல்லது வாசலில் நின்றுவிட்டு உடனே திரும்பி வேறு இடம் தேடுகிறாரா என்று வந்து சொல்லவேண்டும். வாயால் சொல்லாமல் போகிறவர்களின் கால் சொல்லட்டும் என்றது. சாத்தனிடமும் ஒன்று சொன்னது.

“கல் இறங்குகிறது என்று அவளுக்கு நான் ஆள் அனுப்ப மாட்டேன். அனுப்பினால் என்னிடம் கெஞ்ச வருவாள். செடியிடம் போக மாட்டாள்.”

அப்படியே நடந்தது. மருதியின் கல் இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்தபோது அவளுக்குத் தெரியவில்லை. நான்குக்கு வந்தபோது பந்தல் நிழலில் இடம் மிச்சம் இருந்தது. மழைக்கால ஆரம்பம், அதனால் வரவில்லை என்று நினைத்தாள். ஐந்துக்கு வந்தபோது வளைவில் பூவை இரட்டிப்பாகக் கட்டினாள். ஆறுக்கு வந்தபோது வளைவுக்குச் செம்மண் பூசினாள். ஏழாவது படியில், தன்னுடைய கதையை இன்னும் உரக்கச் சொன்னாள். கேட்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் சண்டைக்கு வரவில்லை. வாசல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானது. அந்த அமைதி அவளைப் பயமுறுத்தியது.

ஒருநாள் காலையில் ஒருவர்கூட வரவில்லை. மருதி பந்தலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. அப்போது எங்கிருந்தோ ஒரு சத்தம் கேட்டது. முதலில் காற்று என்று நினைத்தாள். எழுந்து காது கொடுத்தாள். மலையின் மறுபக்கத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய ஓடை. அது இத்தனை காலமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கூட்டத்தின் பேச்சில் அவளுக்கு அது கேட்கவில்லை. அவள் திரும்பிப் பாத்தியைப் பார்த்தாள். வெடித்த மண்ணில், தான் என்றோ விரலால் தோண்டிய குழி அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணின் கறுத்த கால் நினைவுக்கு வந்தது. அவள் பிழைத்தாளா என்று ஒருநாள்கூடத் தான் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மருதி அங்கேயே உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள்.

பிறகு வளைவைப் பிரித்தாள். அதன் மூங்கிலைப் பிளந்து, கணு நீக்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, மறுபக்கத்திலிருந்து நீரைக் கொண்டுவந்தாள். முழுதாக ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆனது. காட்டில் அலைந்து புது நாற்று எடுத்து வந்தாள். அதற்குள் அவளுடைய கல் பத்தாவது படிக்கு வந்துவிட்டது. அவளைத் தேடி வர யாரும் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்தாள். யாருக்காக என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு பிற்பகலில், பாம்பு கடித்த மிளா மான் ஒன்று வழி தவறி அந்தச் சரிவுக்கு வந்து விழுந்தது. மருதி இலையைப் பறித்தாள். இரண்டு நாள் அது பாத்தியோரத்தில் படுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் எழுந்து நடந்து போனது. போனது வேறெங்கும் தேடவில்லை, நேராகத் தன் காட்டுக்குப் போனது. மேலே வட்டமிட்ட உழவாரன் ஒன்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடியலில் பாறையில் ஒரு சிறு சத்தம் கேட்டது. பத்தாவது படியில் இருந்த கல் ஒன்பதாவது படியில் அமர்ந்தது. அடிவாரத்தில் சாத்தன் அதைக் கேட்டான். இரண்டு வருடமாக அவன் அங்கேயே நின்று, வருபவர்களிடம் எல்லாம் அடுத்த பெயரையும் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அழுங்கின் ஓடைக்குத் தூக்கிப் போனவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. அழுங்கின் கல் இப்போது மேல்படியில் இருந்தது. அது தெரியாமல் அழுங்கு இன்னும் கால்வாய் கீறிக்கொண்டிருந்தது. சாத்தன் எழுந்து, தழும்பேறிய உள்ளங்கையால் பாறையை ஒருமுறை தொட்டுவிட்டு, ஆற்றங்கரையை நோக்கி நடந்தான். மருதி இறங்கியதும் ஏறியதும் யாரால் என்பதை அவள் கடைசிவரை அறியவில்லை. அவனும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மிருகங்கள் மனிதரோடு பேசுவதை நிறுத்தின. கணவாயில் சாலை வந்தது, பாறை எங்கே நின்றது என்பதுகூட மறந்துபோனது. கேட்பது மட்டும் நிற்கவில்லை. இன்று உள்ளங்கையில் இருக்கும் கண்ணாடியில் ஒரு கேள்வியைத் தட்டினால், மூச்சு அடங்குவதற்குள் பத்துப் பெயர் வந்து நிற்கிறது. உலகம் முழுவதையும் ஓயாமல் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் பேச்சு அடங்கத்தான் செய்கிறது.

ஒரு மனிதன் தன் துக்கத்தோடு போய் அந்தச் சுடும் அலகைப் பிடித்தானே, அன்று தொடங்கித்தான், தேடலில் முதலில் நின்ற எந்த இணையதளமும் கவனிப்பார் இல்லாமல் போனால் ஒரே நாளில் அந்த மறதிப் பள்ளத்தாக்கில் விழுவதில்லை. யாரும் சொல்லி அனுப்பாமல், ஒவ்வொரு படியாக, சத்தமில்லாமல் இறங்குகிறது. அந்த ஒவ்வொரு படியும், அதை வைத்திருப்பவர் எழுந்து போய்த் தன் பாத்தியைப் பார்ப்பதற்காகச் சாத்தன் கேட்டு வாங்கிக் கொடுத்த நேரம்.